தினமும் காலையில் ஒரு புடைப்பு: ஜிபிஎஸ் பூட்டிய 10 மெகாஹெர்ட்ஸ் பெட்டியில் என்ன தப்பு?

கோத்தகிரிக் குளிர் | ஜனவரி 6, இரவு 9.52

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெச்சூர் ரேடியோக்காரர்கள் பேசிக்கொள்ளும் க்யூஓ-100 செயற்கைக்கோளைக் கேட்க ஆசைப்பட்டுத்தான் இதில் இறங்கினேன். அது 25.9 டிகிரி கிழக்கில் நிற்கிறது. எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் மேற்கே, அடிவானத்திலிருந்து சுமார் 31 டிகிரி உயரம். சில்வர் ஓக் வரிசைக்கு மேலே திறந்த வானம், அதனால் டிஷ் வைப்பதில் பிரச்சினை இல்லை. பிரச்சினை எல்என்பியில், அதாவது டிஷ்ஷின் முன்னால் இருந்து அதிர்வெண்ணை இறக்கித் தரும் டப்பாவில். 10,489 மெகாஹெர்ட்ஸில் வருவதிலிருந்து 9,750-ஐக் கழித்து 739-இல் தருகிறது. அந்த 9,750 எங்கிருந்து வருகிறது? உள்ளே இருக்கும் 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை 390 மடங்காக்கி. கிரிஸ்டல் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நகர்ந்தால் இங்கே 10 கிலோஹெர்ட்ஸ் ஓடிவிடும். ஒருவர் பேசும் அலைவரிசையோ மூன்று கிலோஹெர்ட்ஸ் கூடக் கிடையாது. காலையில் டிஷ்மேல் உறைபனி, பத்து மணிக்குச் சுள்ளென்று வெயில். பேசுகிறவர் பின்னாலேயே குமிழைத் திருகிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது.

அதனால் ஜிபிஎஸ் துடிப்பை வைத்துப் பூட்டிய 10 மெகாஹெர்ட்ஸ் பெட்டி ஒன்று கட்டினேன். உள்ளே இருப்பவை: நியோ-6எம் ரிசீவர், விநாடிக்கு ஒரு துடிப்பு. பழைய செல்போன் டவர் போர்டிலிருந்து கழற்றிய 5 வோல்ட் ஓவன் கிரிஸ்டல், அதாவது குட்டி அடுப்புக்குள் ஒரே சூட்டில் வைத்த கிரிஸ்டல். நிரலை ஓட்ட ஒரு ஆர்டுயினோ போர்டு. கிரிஸ்டலின் 10 மெகாஹெர்ட்ஸை 1 மெகாஹெர்ட்ஸாகப் பிரித்து, ஜிபிஎஸ் துடிப்புக்கும் அடுத்த விளிம்புக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் ஒரு 1 நானோஃபாரட் கெபாசிட்டரை சார்ஜ் ஏற்றி அளக்கிறேன். அந்த அளவைப் பார்த்து 16 பிட் டிஏசி (எண்ணை வோல்டேஜாக்கும் சிப்) கிரிஸ்டலின் ட்யூனிங் வோல்டேஜை ஏற்றி இறக்குகிறது. இப்படி அளந்து திருத்தும் லூப்பின் நேரம் 200 விநாடி. வோல்டேஜை 1 வோல்ட் மாற்றினால் கிரிஸ்டல் 2 ஹெர்ட்ஸ் நகர்கிறது. டிஏசியின் ஒரு படி 76 மைக்ரோவோல்ட், அதாவது பத்தாயிரம் கோடியில் ஒன்றரைப் பங்கு.

எல்லாம் நன்றாகத்தான் போகிறது. ஆனால் டிஏசி எண்ணை லாக் எடுத்துப் படம் போட்டால், காலை 7.10 வாக்கில் ஒரு புடைப்பு. எட்டு படி மேலே ஏறி, இருபது இருபத்தைந்து நிமிடத்தில் இறங்கிவிடுகிறது. நேற்றும் வந்தது, இன்றும் வந்தது. பெட்டி இருக்கும் அறைக்குக் கிழக்கு ஜன்னல். கோடநாடு பக்கத்து மேட்டைத் தாண்டி வெயில் உள்ளே விழும் நேரமும் அதுதான். வெயில்தான் காரணம் என்று நினைத்து தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்துப் பார்க்கப்போகிறேன். வேறு யோசனை உண்டா?

ரிச்சி தெரு ரவுண்டு | ஜனவரி 6, இரவு 10.15

அண்ணா, தெர்மாகோல், ஆர்டுயினோ எல்லாம் எதற்கு? கட்டி முடித்த பெட்டியே ஆன்லைனில் கிடைக்கிறதே. வாங்கி ஆண்டெனாவை மாட்டினால் முடிந்தது.

கோத்தகிரிக் குளிர் | ஜனவரி 6, இரவு 10.31

கிடைக்கிறது தம்பி. உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டும் லாக் அதில் கிடைக்காது. அப்புறம், வாங்கியிருந்தால் இந்தப் புடைப்பு இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது. பாதி சந்தோஷமே இதுதான்.

முருங்கைக்காய் | ஜனவரி 7, காலை 6.40

கேள்வி கேட்டால் திட்டாதீர்கள். ஜிபிஎஸ்ஸில் அணுக் கடிகாரம் இருக்கிறதென்றால் அந்தத் துடிப்பையே நேராக எடுத்துக்கொள்ளலாமே, நடுவில் ஓவன் கிரிஸ்டல் எதற்கு?

பழைய வால்வு | ஜனவரி 7, காலை 8.05

திட்ட என்ன இருக்கிறது, நல்ல கேள்வி. வானத்தில் இருக்கும் கடிகாரம் சுத்தம்தான். உன் கைக்கு வரும் துடிப்பு சுத்தமில்லை. இந்த ரிசீவருக்குள் ஓடும் கடிகாரம் 48 மெகாஹெர்ட்ஸ். தன் விளிம்பு வரும்போதுதான் அதனால் துடிப்பை விட முடியும். ஆகவே 21 நானோவிநாடி அகலத்துக்குள் ரம்பப்பல் போல முன்னே பின்னே குதிக்கும். ஆனால் நாள் முழுக்கக் கூட்டிப் பார்த்தால் கணக்கு தப்பாது. ஓவன் கிரிஸ்டல் நேர்மாறு. விநாடிக்கு விநாடி பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கும், மாதக் கணக்கில் மெல்ல வழுவிப் போகும். ஒருத்தருக்கு நிதானம், இன்னொருத்தருக்கு நேர்மை. இரண்டையும் ஒன்றாகக் கட்டுவதுதான் இந்தப் பெட்டி.

எங்கள் காலத்தில் டெல்லியிலிருந்து ஏடிஏ என்று ஒரு நிலையம் 5, 10, 15 மெகாஹெர்ட்ஸில் நேரத் துடிப்பு ஒலிபரப்பும். நம் கிரிஸ்டலை அதோடு சேர்த்துக் கேட்டு, இரண்டுக்கும் நடுவில் வரும் ஊஞ்சல் ஓசை நிற்கும்வரை ட்ரிம்மரைத் திருப்புவோம். அயனிமண்டலம் மேலே கீழே ஆடும், அதனால் கோடியில் ஒரு பங்கு கிடைத்தாலே பெரிய விஷயம். குன்னூரில் மழை இரவில் அதைச் செய்துவிட்டு ராஜா மாதிரி தூங்கப் போவேன். இப்போது இவர் பத்தாயிரம் கோடியில் ஒன்றரைப் பங்குக்குக் கவலைப்படுகிறார்.

தம்பி கோத்தகிரி, தெர்மாகோல் போடு, நல்லதுதான். ஆனால் சுத்தமாக அடைத்துவிடாதே. ஓவன் தன் வெப்பத்தை வெளியே விட்டால்தான் கட்டுப்பாடு இருக்கும்.

பூம்பாறைப் பூண்டு | ஜனவரி 7, இரவு 8.20

தெர்மாகோலுக்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். புடைப்பின் உச்சி எத்தனை மணிக்கு வருகிறது என்று நிமிடம் பிசகாமல் ஒரு நோட்டில் எழுதுங்கள். பத்துப் பன்னிரண்டு நாளைக்கு எழுதுங்கள். அதுவரை எதையும் மாற்ற வேண்டாம். காரணத்தை இப்போது சொன்னால் நீங்கள் அதையே தேடுவீர்கள், அதனால் சொல்லவில்லை.

இன்னும் இரண்டு கேள்வி. ஆண்டெனா எங்கே இருக்கிறது? ஜிபிஎஸ் மட்டுமா, வேறு நாட்டுச் செயற்கைக்கோள்களையும் சேர்த்துக் கேட்கிறதா?

கோத்தகிரிக் குளிர் | ஜனவரி 7, இரவு 9.10

நியோ-6எம் என்பதால் ஜிபிஎஸ் மட்டும். ஆண்டெனா அந்தச் சின்னக் கருப்பு டப்பா, காந்தம் ஒட்டியது. ஜன்னல் சன்ஷேடின் மேல் வைத்திருக்கிறேன். எதிரே, ஒரு பத்தடி கீழே, மாட்டுக்கொட்டகையின் தகரக் கூரை. கேபிள் பத்து மீட்டர், டிவி கேபிள்தான். அது தப்பா?

பூம்பாறைப் பூண்டு | ஜனவரி 7, இரவு 9.25

டிவி கேபிள் தப்பில்லை. மீட்டருக்கு நாலைந்து நானோவிநாடி தாமதம் ஆகும், ஆனால் தினமும் அதே தாமதம். நேரம் வேண்டும் என்கிறவன்தான் அதைக் கழிக்க வேண்டும், அதிர்வெண்ணுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

தகரக் கூரை என்றீர்களா. சரி, சரி. நோட்டில் எழுதுங்கள்.

ரிச்சி தெரு ரவுண்டு | ஜனவரி 9, மதியம் 1.12

இடையில் ஒரு சந்தேகம். உயரத்தில் கடிகாரம் வேகமாக ஓடும் என்று படித்திருக்கிறேன். ஊட்டியில் இருக்கும் பெட்டியும் சென்னையில் இருக்கும் பெட்டியும் ஒரே 10 மெகாஹெர்ட்ஸா?

பூம்பாறைப் பூண்டு | ஜனவரி 9, இரவு 7.48

ஒரு மீட்டர் ஏறினால் கடிகாரம் சுமார் பத்தாயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு வேகமாகும். ஊட்டி 2,240 மீட்டர். கணக்குப் போட்டால் சென்னையில் இருக்கும் கடிகாரத்தைவிட ஒரு நாளைக்கு 21 நானோவிநாடி முந்தும். தனியாக ஓடும் நல்ல சீசியம் கடிகாரம் இரண்டு இருந்தால் சில நாளில் பார்த்துவிடலாம்.

ஆனால் நம் பெட்டி தனியாக ஓடுவதில்லையே. ஜிபிஎஸ் சொல்லும் விநாடி கடல்மட்டத்து விநாடி. செயற்கைக்கோள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு நாளைக்கு 38 மைக்ரோவிநாடி முந்தும் என்பதற்காக, அதன் கடிகாரத்தை ஏவும் முன்பே அவ்வளவு மந்தமாக வைத்துத்தான் அனுப்புகிறார்கள். ஆகவே மலைமேல் இருக்கும் நம் பெட்டியும் கடல்மட்டத்து 10 மெகாஹெர்ட்ஸைத்தான் தரும். கறாராகப் பார்த்தால் மலையில் அது உள்ளூர் விநாடிக்குத் துளி மந்தம். நம் லாக்கில் அதெல்லாம் கண்ணுக்கே தெரியாது.

முருங்கைக்காய் | ஜனவரி 9, இரவு 8.02

மலைக்காரர்களுக்குச் சீக்கிரம் வயதாகும் என்று இதை வைத்து என் அக்காவிடம் சொல்லப்போகிறேன். குன்னூரில் வாக்கப்பட்டிருக்கிறாள்.

பழைய வால்வு | ஜனவரி 9, இரவு 8.30

குன்னூர் ஊட்டியைவிடத் தாழ்வு. அக்காவுக்கு அந்த ஆறுதலையும் சேர்த்துச் சொல்.

கோத்தகிரிக் குளிர் | ஜனவரி 18, காலை 7.30

நோட்டுடன் வந்திருக்கிறேன். இடையில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. மற்ற நாள்களில் சிலவற்றில் உச்சி வந்த நேரங்கள்:

6-ஆம் தேதி 7.10. 7-ஆம் தேதி 7.06. 8-ஆம் தேதி 7.02. 11-ஆம் தேதி 6.50. 13-ஆம் தேதி 6.43. 15-ஆம் தேதி 6.34. இன்று 6.23.

இன்று 6.23-க்கு வெளியே இன்னும் அரையிருட்டு. சூரியன் வர இன்னும் இருபது நிமிடத்துக்கு மேல் இருந்தது. வெளியே போய்ப் பார்த்தேன், மாட்டுக்கொட்டகைக் கூரை வெள்ளையாக உறைபனி போர்த்திக் கிடக்கிறது. வெயில் மேல் போட்ட பழியை வாபஸ் வாங்குகிறேன். நாளுக்கு நான்கு நிமிடம் முந்தி வருகிறது. இது என்ன பேய்?

பழைய வால்வு | ஜனவரி 18, காலை 8.11

அடடா! பேயெல்லாம் இல்லை, நட்சத்திர நாள். 23 மணி 56 நிமிடம் 4 விநாடி. ஆறாமீன் கூட்டம் (கார்த்திகை நட்சத்திரம்) தினமும் நாலு நிமிடம் முன்னால் உதிப்பதை நம் வீட்டுப் பாட்டிமார் கடிகாரம் இல்லாமலே கண்டார்கள்.

ஊட்டி பக்கத்து முத்தோரை ரேடியோ தொலைநோக்கியை ஒருமுறை சுற்றிப் பார்த்தபோது இதே கதைதான். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 326.5 மெகாஹெர்ட்ஸ், 1970-இல் முடித்தது. கோவிந்த் ஸ்வரூப் அந்த மலைச்சரிவைத் தேடித்தான் பிடித்தார். சரிவு 11 டிகிரி, ஊட்டியின் அட்சரேகையும் 11 டிகிரி. அதனால் தொலைநோக்கியின் அச்சும் பூமியின் அச்சும் இணை. ஒரே அச்சில் சுழற்றிக்கொண்டே ஒரு பல்சாரை (துடிப்புத் துடிப்பாக ரேடியோ அலை அனுப்பும் நட்சத்திரம்) மணிக்கணக்கில் பின்தொடரலாம். இன்று பத்து மணிக்கு வந்த பல்சார் நாளைக்கு 9.56-க்கு வரும். அவர்களுக்கு அது பழகிப்போன விஷயம்.

பூம்பாறைப் பூண்டு | ஜனவரி 18, காலை 9.02

இதைத்தான் சொல்லாமல் வைத்திருந்தேன். ஐயா பாதியைச் சொல்லிவிட்டார், மீதி இது.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள் பூமியை ஒரு நட்சத்திர நாளில் சரியாக இரண்டு முறை சுற்றுகிறது. ஆகவே இன்று உங்கள் தலைக்குமேல் இருக்கும் அதே அமைப்பு நாளை நான்கு நிமிடம் முன்னால் அப்படியே திரும்ப வரும். ஏதோ ஒரு செயற்கைக்கோள் தாழ்வாக வரும்போது அதன் சிக்னல் நேராக ஒன்றும், தகரக் கூரையில் பட்டு இன்னொன்றுமாக ஆண்டெனாவுக்கு வருகிறது. இரண்டும் கலந்து ரிசீவர் ஏமாந்துபோகிறது. பத்து நிமிடத்துக்குள் ஐம்பது அறுபது நானோவிநாடி இழுத்துவிட்டாலே, ஆயிரம் கோடியில் ஒரு பங்கு பிழை. உங்கள் எட்டுப் படி என்பதும் கிட்டத்தட்ட அதுதான்.

அறை சூடு, வெயில், பக்கத்து வீட்டு மோட்டார், டீ ஃபாக்டரி ஷிஃப்ட், எல்லாம் சூரிய நேரத்தில் அல்லது கடிகார நேரத்தில் நடப்பவை. நாலு நிமிடம் நகராது. நகர்ந்தால் வானத்தில்தான் தேட வேண்டும். ஜிபிஎஸ் மட்டுமா என்று கேட்டதற்கும் காரணம் இதுவே. கலிலியோ செயற்கைக்கோளின் தடம் பத்து நாளுக்கு ஒருமுறைதான் திரும்பும். கலந்து கேட்டிருந்தால் நோட்டில் இவ்வளவு அழகான வரிசை வந்திருக்காது.

செய்ய வேண்டியது: ஆண்டெனாவைக் கூரைக்கு மேலே, சுற்றிலும் வானம் தெரிகிற இடத்துக்குக் கொண்டுபோங்கள். அடியில் ஒரு உலோகத் தட்டு வையுங்கள், கீழேயிருந்து வருவதை அது மறைக்கும். 15 டிகிரிக்குக் கீழே இருக்கும் செயற்கைக்கோள்களைக் கேட்காதே என்று ரிசீவருக்குச் சொல்லுங்கள். முடிந்தால் நேரத்துக்கென்றே செய்த ரிசீவர் ஒன்று, நியோ-எம்8டி மாதிரி. அது தன் இடத்தை ஒருமுறை அளந்து நிலையாக வைத்துக்கொள்ளும், பிறகு நேரத்தை மட்டும் பார்க்கும். ஒவ்வொரு துடிப்பிலும் ரம்பப்பல் பிழை எவ்வளவு என்றும் சொல்லும், நீங்கள் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

கோத்தகிரிக் குளிர் | ஜனவரி 18, இரவு 9.40

லாக்கைத் தோண்டினேன். 6.23-க்குத் தென்கிழக்கில் 12 டிகிரி உயரத்தில் ஒரு செயற்கைக்கோள். கொட்டகை இருப்பதும் அதே திசையில்தான். நேற்று 6.27-க்கும் அதே எண்ணுள்ள செயற்கைக்கோள்தான்.

நேர ரிசீவர் ஆர்டர் போட்டிருக்கிறேன். முன்பு ஒருமுறை ஒரு கடையில் வாங்கியது போலியாக வந்தது, மேலே ஸ்டிக்கர் மட்டும் அசல். இந்த முறை வந்ததும் முதலில் செட்டிங் மெசேஜுக்குப் பதில் சொல்கிறதா என்று பார்ப்பேன். தட்டுக்கு வீட்டிலேயே ஒரு எவர்சில்வர் தாம்பாளம் இருக்கிறது.

பழைய வால்வு | ஜனவரி 18, இரவு 9.55

தாம்பாளம் அருமை. ஆனால் காந்தம் எவர்சில்வரில் ஒட்டாது, பிசின் வை. குழாயில் கட்டும்போது கேபிளை உள்ளுக்குள் விடு. வெளியே தொங்கினால் குரங்கு ஊஞ்சலாடும். இடிதாங்கி கேஸ் ட்யூப் ஒன்றும் போடு. ஏப்ரல் மழையில் இங்கே இடி எப்படி இறங்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கோத்தகிரிக் குளிர் | பிப்ரவரி 9, இரவு 10.05

ஆண்டெனா கூரைமேல் ஏறி ஒன்பது நாள் ஆகிறது. புது ரிசீவர் வந்தது, அசல்தான். காலைப் புடைப்பு போயே போய்விட்டது. லூப் நேரத்தை 200-லிருந்து 800 விநாடிக்கு நீட்டினேன்.

ஆனால் கோடு தட்டையானதும் இதுவரை கண்ணில் படாத ஒன்று தெரிகிறது. மாலை 7 மணிக்கு மேல் மெதுவாக ஆறேழு படி இறங்குகிறது, இரவு 10 மணி வரை அப்படியே கீழே, பிறகு விடியும்வரை மெல்ல ஏறுகிறது. நோட்டில் எழுதினேன். இது நகரவில்லை. 7.10, 7.05, 7.15, 7.10.

பூம்பாறைக்காரரே, நீங்கள் ஒருமுறை மாலை அயனிமண்டலம் பற்றிச் சொன்னீர்களே, அதுவா?

பூம்பாறைப் பூண்டு | பிப்ரவரி 10, காலை 6.15 (தூக்கம் வரவில்லை)

அயனிமண்டலம் இல்லை. நாம் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம், சூரியன் மறைந்தபின் சிக்னல் மினுக்கும், அது உண்மை. மினுக்கினால் கோடு பொரபொரவென்று ஆகும், இப்படி வழவழவென்று மூன்று மணி நேரம் கீழே உட்காராது. ஏழு மணிக்கு வீட்டில் என்ன நடக்கிறது?

கோத்தகிரிக் குளிர் | பிப்ரவரி 10, காலை 7.50

அம்மா கணப்பு மூட்டுவார். பெட்டி இருக்கும் அறைக்கே கொண்டுவந்து வைப்பார். 13 டிகிரி இருக்கும் அறை 19 ஆகும். ஆனால் கிரிஸ்டல்தான் ஓவனுக்குள் 80 டிகிரியில் இருக்கிறதே? ஆறு டிகிரிக்கு இவ்வளவு நகருமா?

பழைய வால்வு | பிப்ரவரி 10, காலை 9.20

கிரிஸ்டலைச் சந்தேகிக்கும் முன் கிரவுண்டைச் சந்தேகி. ஓவன் ஹீட்டரின் கரண்டும் ட்யூனிங் வோல்டேஜின் கிரவுண்டும் ஒரே கம்பியில் திரும்பி வருகிறதா? கிரிஸ்டலின் கிரவுண்ட் காலில் ஒரு முனை, டிஏசியின் கிரவுண்டில் மறு முனை வைத்து மில்லிவோல்ட் பார். கணப்புக்கு முன்னும் பின்னும்.

கோத்தகிரிக் குளிர் | பிப்ரவரி 10, இரவு 9.30

ஐயா, காலில் விழுகிறேன். கணப்புக்கு முன் ஹீட்டர் கரண்ட் 310 மில்லியாம்ப், கிரவுண்டில் 6.2 மில்லிவோல்ட். கணப்புக்குப் பின் 285 மில்லியாம்ப், 5.7 மில்லிவோல்ட். அரை மில்லிவோல்ட் வித்தியாசம். டிஏசியின் படி 76 மைக்ரோவோல்ட், ஆறரைப் படி. லாக்கில் இருப்பதும் அதேதான்.

பூம்பாறைப் பூண்டு | பிப்ரவரி 10, இரவு 9.58

கணக்கு இவ்வளவு சுத்தமாகப் பொருந்துவது அபூர்வம். வாழ்த்துகள்.

ஒன்று கவனித்தீர்களா? காலைப் புடைப்பில் டிஏசி நகர்ந்தபோது கிரிஸ்டல் சரியாகத்தான் இருந்தது. ஜிபிஎஸ் ஏமாற்றியது, லூப் அதை நம்பி கிரிஸ்டலைக் கெடுத்தது. வெளியே வந்த 10 மெகாஹெர்ட்ஸ் அந்த இருபது நிமிடம் தப்பு. மாலைப் பள்ளத்தில் கிரிஸ்டலின் காலடி நகர்ந்தது, லூப் அதைக் கண்டுபிடித்துச் சரிக்கட்டியது. வெளியே வந்தது ஏறக்குறைய சரி. லாக்கில் இரண்டும் ஒரே அளவு, ஒரே ஜாடை. டிஏசி கோட்டை மட்டும் பார்த்தால் யார் பொய் சொன்னார் என்று தெரியாது. நான் முதல் பெட்டி கட்டியபோது இது புரியாமல், நல்ல கிரிஸ்டல் ஒன்றைக் கெட்டது என்று சொல்லித் தூக்கிப் போட்டேன். மன்னவனூர்ச் சாலையில் எங்கோ கிடக்கிறது.

ரிச்சி தெரு ரவுண்டு | பிப்ரவரி 11, காலை 10.20

அப்படியானால் மாலைப் பள்ளத்தை அப்படியே விட்டுவிடலாமே?

பூம்பாறைப் பூண்டு | பிப்ரவரி 11, காலை 11.05

விடக் கூடாது. லூப் 800 விநாடி எடுத்துத்தான் சரிக்கட்டும், அதற்குள் கொஞ்சம் வழுவும். கரண்ட் போய் ஆண்டெனா இல்லாமல் பேட்டரியில் ஓடினால் சரிக்கட்ட ஆளே இல்லை. ஹீட்டருக்குத் தனிக் கம்பி, சப்ளை வரை தனியாக. ட்யூனிங் கிரவுண்டை கிரிஸ்டலின் காலிலேயே பிடியுங்கள்.

கோத்தகிரிக் குளிர் | பிப்ரவரி 22, இரவு 8.45

தனிக் கம்பி போட்டாயிற்று. மாலையில் இறங்குவது இப்போது ஒரு படியோ இரண்டு படியோ, அதையும் கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். எல்என்பியின் கிரிஸ்டலைக் கழற்றிவிட்டு, பெட்டியின் 10 மெகாஹெர்ட்ஸிலிருந்து 25 மெகாஹெர்ட்ஸ் செய்து உள்ளே கொடுத்திருக்கிறேன். நேற்று விடிகாலை உறைபனியில் ஆரம்பித்து மதியம் வரை க்யூஓ-100 பீக்கனை (செயற்கைக்கோள் எப்போதும் அனுப்பும் அடையாள சிக்னல்) திரையில் வைத்திருந்தேன். முன்பு அந்தக் கோடு மலைப்பாதை மாதிரி வளைந்து போகும். நேற்று நூல் பிடித்தது போல ஒரே கோடு. குமிழைத் தொடவே இல்லை.

சர்க்யூட்டும் நிரலும் வார இறுதியில் போடுகிறேன். அதற்குள் ஒரு வேலை இருக்கிறது. நாளை வீட்டுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள், அம்மா தாம்பாளத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

ரிச்சி தெரு ரவுண்டு | பிப்ரவரி 22, இரவு 9.01

அண்ணா, நானும் ஒரு ஓவன் கிரிஸ்டல் வாங்கிவிட்டேன். எங்கள் ஃபிளாட்டில் மேற்குப் பால்கனி மட்டும்தான், எதிரே எட்டு மாடிக் கண்ணாடிக் கட்டடம். நடக்குமா?

பழைய வால்வு | பிப்ரவரி 22, இரவு 9.14

நடக்கும். ஒரு நோட்டு வாங்கு.